கிட்ஹப் சாவி: ஃபோனில் சொல்லிச் சொல்லிப் பழகிய வழி

எங்கள் குழுவில் எட்டுப் பேர். நான் கோவையில் இருக்கிறேன், மற்றவர்கள் தேனி, சேலம், நாகர்கோவில் என்று அவரவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாள் எனக்கு ஃபோன் வரும். "அக்கா, ரெப்போ வரமாட்டேங்குது." ரெப்போ என்றால் கிட்ஹப் தளத்தில் எங்கள் நிரல் முழுவதும் இருக்கும் தொகுப்பு. ஸ்கிரீன் ஷேர் போடலாம் என்றால் அன்றைக்குப் பார்த்து நெட் இழுக்கும். கடைசியில் நான் சொல்லச் சொல்ல அவர்கள் தட்டுவார்கள். கிட்ஹப்புக்குள் போகச் சாவி செய்யும் வழியை இங்கேயும் அதே மாதிரிதான் சொல்லப்போகிறேன்.

முதலில் சில வார்த்தைகளைப் பேசி வைத்துக்கொள்வோம். 'கோடு' என்றால் ஹைபன், 'கீழ்க்கோடு' என்றால் அண்டர்ஸ்கோர். 'அலை' என்றால் எஸ்கேப் விசைக்குக் கீழே இருக்கும் வளைந்த குறி. 'சாய்கோடு' என்றால் ஸ்லாஷ். எழுதும் நிரலைச் சொல்ல வேண்டுமென்றால் 'கோட்' என்பேன், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடுத்தது 'டி'. ஆங்கிலத்தில் அது இரண்டு எழுத்து, நம் வாயில் இரண்டும் ஒன்றுதான். அதனால் டைகர் டி, டாக் டி என்று பிரித்துச் சொல்வேன். இது இல்லாமல் ஒரு தம்பியோடு இருபது நிமிடம் போராடியிருக்கிறேன்.

பழைய ஆட்கள் "யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டாப் போதுமே" என்பார்கள். கிட்ஹப்பில் கோட் இழுக்கவும் தள்ளவும் பாஸ்வேர்டு போடும் வழி 2021 ஆகஸ்ட் 13-ஓடு முடிந்துவிட்டது. இப்போது டோக்கன் (கிட்ஹப் உருவாக்கித் தரும் நீண்ட ரகசிய எழுத்துவரிசை) வேண்டும், இல்லையென்றால் எஸ்எஸ்ஹெச் (கணினிகள் ரகசியமாகப் பேசிக்கொள்ளும் வழி) சாவி வேண்டும். டோக்கனைக் கொடுத்தால் நோட்பேடில் ஒட்டி டெஸ்க்டாப்பிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அதனால் எங்கள் குழுவில் சாவிதான்.

விண்டோஸில் கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) நிறுவினால் கூடவே கிட் பாஷ் என்ற கருப்புத் திரையும் வரும். அதைத் திறந்து இதைத் தட்டுங்கள்: எஸ்எஸ்ஹெச் கோடு கீஜென், இடைவெளி, கோடு சின்ன டைகர் டி, இடைவெளி, ஈ, டாக் டி, 25519, இடைவெளி, கோடு பெரிய சி, இடைவெளி, இரட்டை மேற்கோளுக்குள் ஒரு குறிப்பு. எல்லாரும் அந்தக் குறிப்பில் மின்னஞ்சலைப் போடுவார்கள். நான் ஆளையும் மடிக்கணினியையும் போடச் சொல்வேன், 'தேனி டெல்' என்கிற மாதிரி. பின்னால் கணினி மாறும்போது எந்தச் சாவியை நீக்குவது என்று அதுதான் காட்டிக் கொடுக்கும்.

எங்கே சேமிப்பது என்று கேட்டால் எதுவும் மாற்றாமல் எண்டர் தட்டுங்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே சாவி இருக்கிறது, மேலே எழுதவா என்று கேட்டால் மட்டும் நிறுத்துங்கள். 'என்' தட்டி வெளியே வந்து, இருக்கிற சாவியையே பயன்படுத்தலாம். அடுத்து பாஸ்ஃபிரேஸ், அதாவது சாவிக்கு ஒரு பாஸ்வேர்டு, கேட்கும். நீங்கள் தட்டும்போது திரையில் புள்ளிகூட வராது. கீபோர்டு கெட்டுவிட்டதோ என்று எல்லாருக்கும் ஒரு நிமிடம் தோன்றும். தைரியமாகத் தட்டி எண்டர் கொடுங்கள், இன்னொரு முறை கேட்கும்.

இப்போது இரண்டு கோப்புகள் உருவாகியிருக்கும். ஒன்று ஐடி கீழ்க்கோடு ஈடி25519 (இரண்டும் டாக் டி, ஈடி25519 என்பது சாவியின் வகை). இன்னொன்று அதே பெயரோடு 'புள்ளி பப்' என்று முடியும். பப் என்று முடிவது பூட்டு மாதிரி, யாரிடமும் கொடுக்கலாம். அப்படி முடியாத கோப்புதான் சாவி, அது உங்கள் கணினியை விட்டு நகரக் கூடாது.

இங்கேதான் விண்டோஸ் ஒரு வேலை செய்யும். கோப்பின் வால் பெயரை அது மறைத்து வைக்கும். கணினியில் மைக்ரோசாஃப்ட் பப்ளிஷர் இருந்தால் 'பப்' கோப்பை பப்ளிஷர் ஆவணம் என்று காட்டும். பக்கத்தில் அதே பெயரில் வகையே தெரியாத இன்னொரு கோப்பு. புதிதாக வந்தவர் எதை எடுப்பார்? பப்ளிஷர் நமக்கு எதற்கு என்று மற்றதைத்தான் எடுப்பார். போன வருடம் ஒரு தம்பி தன் ரகசியச் சாவியை அப்படியே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "அக்கா, ஆட் பண்ணிடுங்க" என்றான். உடனே அழித்தும்விட்டான். அழித்து என்ன பயன், ஏழு ஃபோனில் இறங்கியாயிற்று. இரண்டு கோப்பையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்தோம்.

அதனால் கோப்பை மவுஸால் தொடவே வேண்டாம். கிட் பாஷிலேயே தட்டுங்கள்: கேட் (ஆங்கிலப் பூனை), இடைவெளி, அலை, சாய்கோடு, புள்ளி எஸ்எஸ்ஹெச், சாய்கோடு, ஐடி கீழ்க்கோடு ஈடி25519 புள்ளி பப். ஒரே வரி வரும். அது எஸ்எஸ்ஹெச் கோடு ஈடி25519 என்று தொடங்கி, அடுத்து நான்கு பெரிய ஏ வந்தால் சரியான கோப்பு. ஐந்து கோடு போட்டு 'பிகின் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் பிரைவேட் கீ' என்று தொடங்கினால் கையை எடுங்கள்.

அந்த வரியை முழுதாக நகலெடுத்து கிட்ஹப்பில் செட்டிங்ஸ், எஸ்எஸ்ஹெச் அண்ட் ஜிபிஜி கீஸ், நியூ எஸ்எஸ்ஹெச் கீ என்று போய் ஒட்டுங்கள். கீ டைப்பில் ஆதென்டிகேஷன் இருக்கட்டும். சைனிங் என்பது வேறு வேலைக்கு.

சோதித்துப் பார்க்க: எஸ்எஸ்ஹெச், இடைவெளி, கோடு பெரிய டைகர் டி, இடைவெளி, கிட் அட் கிட்ஹப் புள்ளி காம். அட்டுக்கு முன்னால் வருவது உங்கள் யூசர்நேம் இல்லை, எல்லாருக்கும் 'கிட்' தான். முதல் முறை ஒரு ஃபிங்கர்பிரின்ட், அதாவது கிட்ஹப் சர்வரின் அடையாள வரி, காட்டி, யெஸ்ஸா நோவா என்று கேட்கும். எல்லாரும் படிக்காமல் யெஸ் போடுகிறார்கள். கிட்ஹப் தன் ஃபிங்கர்பிரின்ட்களை உதவிப் பக்கத்தில் வெளியிட்டிருக்கிறது. ஈடி25519 வகையென்றால் ஷா256-க்குப் பிறகு ஒரு கூட்டல் குறி, பெரிய டாக் டி, சின்ன ஐ, பெரிய ஒய், 3 என்று தொடங்கும். மிச்சத்தையும் அந்தப் பக்கத்தோடு ஒத்துப் பாருங்கள். வீண் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2023 மார்ச் 24 அன்று நம் நேரத்துக்குக் காலை பத்தரை மணி வாக்கில் கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் சாவியை (சர்வரை அடையாளம் காட்டும் இன்னொரு வகைச் சாவி) மாற்றியது. அதன் ரகசியப் பகுதி ஒரு பொது ரெப்போவில் சிறிது நேரம் வெளியே தெரிந்துவிட்டதுதான் காரணம். பழைய ஆர்எஸ்ஏ சாவியைப் பதிந்து வைத்திருந்த கணினிகளில் அடுத்த முறை தொடும்போது பெரிய எச்சரிக்கை வந்தது.

எல்லாம் சரியென்றால் உங்கள் பெயரைச் சொல்லி ஹாய் போட்டு, ஆனால் ஷெல் (சர்வரில் கட்டளை தட்டும்) வசதி தருவதில்லை என்று முடிக்கும். அந்த 'ஆனால்' பார்த்துப் பாதிப் பேர் தோல்வி என்று ஃபோன் செய்கிறார்கள். அது வெற்றிதான். 'பெர்மிஷன் டினைடு, பப்ளிக் கீ' என்று வந்தால்தான் சாவி போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். 'டைம்ட் அவுட்' என்று வந்தால் சாவியில் குறையில்லை, ஹாஸ்டல் வைஃபை மாதிரி ஏதோ ஒன்று 22-ஆம் போர்ட்டை (எஸ்எஸ்ஹெச் போகும் வாசல்) அடைத்திருக்கும். ஒரு முறை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் முயன்று பாருங்கள். எஸ்எஸ்ஹெச் புள்ளி கிட்ஹப் புள்ளி காம் என்ற முகவரியில் 443 வழியாகவும் போகலாம்.

ஹாய் வந்த பிறகும் குளோன் செய்யும்போது, அதாவது ரெப்போவை உங்கள் கணினிக்கு நகலெடுக்கும்போது, 'ரெப்போசிட்டரி நாட் ஃபவுண்ட்' வரலாம். முகவரியில் எழுத்துப் பிழை என்று தேடி அரை நாள் போக்குவார்கள். சாவி சொல்வது நீங்கள் யார் என்பதை மட்டும். உள்ளே விடலாமா என்பது தனிப் பட்டியல். உங்களுக்கு அனுமதியில்லாத தனியார் ரெப்போ இருப்பதையே கிட்ஹப் காட்டிக்கொள்ளாது, இல்லை என்று சாதித்துவிடும். மின்னஞ்சலில் அழைப்பு வந்திருக்கிறதா, அதை ஏற்றீர்களா என்று பாருங்கள். ஏழு நாள் கடந்தால் அழைப்பு காலாவதி, மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும்.

ஹாய் வந்தும் குளோன் செய்ய யூசர்நேம் கேட்டால், எடுத்த முகவரி ஹெச்டிடிபிஎஸ்ஸில் தொடங்குகிறது. கோட் பொத்தானை அழுத்தி எஸ்எஸ்ஹெச் பக்கத்து முகவரியை எடுங்கள்.

கடைசியாகப் பெயர். சாவியில் இருக்கும் பெயருக்கும் கமிட்டில் (கோட் மாற்றத்தின் ஒரு பதிவு) விழும் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. இதைத் தட்டுங்கள்: கிட், இடைவெளி, கான்ஃபிக், இடைவெளி, இரண்டு கோடு குளோபல், இடைவெளி, யூசர் புள்ளி நேம், இடைவெளி, பிறகு மேற்கோளுக்குள் உங்கள் பெயர். யூசர் புள்ளி இமெயிலுக்கும் அப்படியே. முதல் கமிட்டுக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். நாகர்கோவில்காரப் பெண்ணுக்கு அலுவலகத்தின் பழைய மடிக்கணினியை அனுப்பினோம், இதை நான் சொல்ல மறந்துவிட்டேன். வேலையை விட்டுப் போய் நான்கு மாதமான ஒருவர் ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு எழுந்து வந்து மூன்று கமிட் போட்டதாக வரலாற்றில் விழுந்தது. திங்கள் காலை மேனேஜர் என்னைத்தான் கூப்பிட்டார். எல்லாரும் இழுத்துவிட்ட பிறகு வரலாற்றைத் திருத்தினால் ஏழு கணினியிலும் சிக்கல் வரும் என்று அப்படியே விட்டுவிட்டோம். அந்த மூன்றும் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கின்றன.