ஞாயிறு ராத்திரி கடைசி பஸ்ஸும் மற்ற தப்புகளும்: ஓபேர்களின் வார இறுதிப் பயணத்தில் தவிர்க்க வேண்டியவை

ஜெர்மனிக்குப் புதிதாக ஓபேராக, அதாவது ஒரு குடும்பத்தோடு (ஹோஸ்ட் ஃபேமிலி) தங்கி அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்கள் தங்கள் முதல் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பி, "எல்லாம் சரியா இருக்கா அக்கா?" என்று கேட்பது வழக்கம். ப்ராக், வியன்னா, பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று ஊர் மாறும். கூட வருகிறவர்கள் பிரேசில்காரி, ஜார்ஜியாக்காரி, கொலம்பியாக்காரி என்று மாறுவார்கள். நான் முதலில் பார்ப்பது திரும்பி வருகிற டிக்கெட்டைத்தான். அனேகமாக அது ஞாயிறு ராத்திரி கடைசி பஸ்ஸாக இருக்கும். நான் ஓபேராக இருந்தபோது எங்கள் கூட்டம் செய்த அதே காரியம்தான் இது.

குடை எடுத்துக்கொள்ளுங்கள், நடக்க வசதியான ஷூ போடுங்கள், பர்ஸைப் பத்திரமாக வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். மாதம் 280 யூரோ கைச்செலவுப் பணத்தில் ஊர் சுற்றுகிறவர்களுக்குப் பணத்தையும், ஹோஸ்ட் ஃபேமிலியிடம் சம்பாதித்த நல்ல பேரையும் ஒன்றாகக் கெடுக்கிற விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

லீவு கேட்காமல் டிக்கெட் எடுப்பது

ஜெர்மனியில் ஓபேருக்கு வாரத்தில் அதிகபட்சம் 30 மணி நேர வேலை, ஒன்றரை நாள் ஓய்வு. ஆனால் அந்த ஒன்றரை நாள் சனி, ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஓய்வு கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் சலுகை விலை இன்றோடு முடிகிறது என்று அவசரப்பட்டு எடுத்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் மெதுவாகச் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். அதே சனிக்கிழமை ஹோஸ்ட் அம்மாவுக்கு ஒரு கல்யாணம் இருக்கும்.

கேட்கும்போது "இந்த வார இறுதி" என்று மொட்டையாகக் கேட்க வேண்டாம். வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு நான் கிளம்பலாம், திங்கள் காலை எத்தனை மணிக்கு எனக்கு வேலை என்று இரண்டையும் கேளுங்கள். பதில் வந்ததும் சமையலறைக் காலண்டரில் எழுதிவிடுங்கள்.

பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போவது

பொதுவாக எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகளுக்குள் போனாலும் ஒரிஜினல் பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டு இரண்டும் கையில் இருக்க வேண்டும். போனில் இருக்கும் போட்டோ போதாது. அப்புறம், லண்டனும் டப்ளினும் ஷெங்கனில் இல்லை.

ஞாயிறு ராத்திரி கடைசி பஸ்

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். காரணம், இது அறியாமல் நடக்கிற தப்பு இல்லை. "அரை நாள் கூடக் கிடைக்குதே" என்று உட்கார்ந்து கணக்குப் போட்டு, தெரிந்தே செய்வது.

எங்கள் கூட்டம் மியூனிக்கில் இருந்து ப்ராக் போயிருந்தது. திரும்ப மத்தியானம் ஒரு பஸ் இருந்தது, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு பஸ் இருந்தது. ஐந்து மணி பஸ் சில யூரோ மலிவு. அதையே எடுத்தோம். ராத்திரி பத்தரைக்குள் மியூனிக் வந்துவிட வேண்டும். செக் எல்லையைத் தாண்டி வைட்ஹவுஸ் (Waidhaus) என்கிற ஜெர்மன் எல்லை ஊர்ப் பக்கம் வந்ததும் பஸ் நின்றது. போலீஸ் ஏறி எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தார்கள். பின் சீட்டில் இருந்த ஒருவருடைய பேப்பரில் ஏதோ சிக்கல். அவரைக் கீழே இறக்கி விசாரித்தார்கள். பஸ் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தது. டிரைவருக்கும் எப்போது கிளம்பலாம் என்று தெரியவில்லை.

மியூனிக் பஸ் நிலையத்தில் இறங்கும்போது பன்னிரண்டு ஆகப் போகிறது. நகரத்துக்குள் குடியிருந்த நாங்கள் ஹாக்கர்ப்ரூக்கே ஸ்டேஷனில் எஸ்-பான் என்கிற புறநகர் ரயிலைப் பிடித்து எப்படியோ வீடு போய்ச் சேர்ந்தோம். ஜார்ஜியாத் தோழியின் ஹோஸ்ட் ஃபேமிலி இருந்தது எஸ்-பான் முடிகிற இடத்துக்கும் அப்பால், ஒரு கிராமத்தில். கிராமத்து பஸ் எப்போதோ போய்விட்டது. ஆளில்லாத ஸ்டேஷன் வாசலில் நின்று டாக்ஸிக்குப் போன் போட்டிருக்கிறாள். டாக்ஸிக்கு 70 யூரோ, அதாவது அந்த மாதக் கைச்செலவில் கால் பங்கு. படுக்கும்போது இரண்டு மணி. ஆறு மணிக்குப் பெரிய பையனை எழுப்பிக் கிளப்ப வேண்டும், எட்டு மணிக்குள் சின்னவளைக் கிண்டர்கார்டனில் விட வேண்டும். அவள் எழுந்திருக்கவில்லை. ஹோஸ்ட் அப்பா ஆபீஸ் மீட்டிங்கை விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார். அதற்குப் பிறகு ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒரு விதி வந்தது. அவள் அங்கே இருந்த மிச்ச மாதங்கள் முழுக்க அது மாறவே இல்லை.

அப்படி மிச்சம் பிடித்த அந்த அரை நாளில் நாங்கள் என்ன பார்த்தோம் என்று கேளுங்கள். ஹாஸ்டலைப் பத்து மணிக்கே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு நாள் நடந்த கால் வலியோடு, ப்ராக்கின் ஃப்ளோரென்ட்ஸ் (Florenc) பஸ் நிலையத்தில் உட்கார்ந்து போன் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தோம். பட்ஜெட் பயணத்தில் ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் கிடைக்கிற நேரம் பெரும்பாலும் இப்படித்தான் போகும். அதே நேரத்தை வெள்ளி சாயங்காலமோ சனி விடியற்காலையோ முன்னால் கிளம்பி எடுத்துக்கொண்டால், கூட்டம் வருவதற்கு முன் சார்லஸ் பாலத்தில் நிம்மதியாக நடந்திருக்கலாம்.

இதில் புதியவர்கள் கவனிக்காதது ஒன்று உண்டு. 2024 செப்டம்பர் 16 அன்று ஜெர்மனி தன் நில எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனை தொடங்கியது, பிறகு அதை நீட்டித்தும் வந்திருக்கிறது. இந்தச் சோதனை ஜெர்மனிக்குள் நுழைகிறவர்களுக்கு. ஆகவே போகும்போது சொன்ன நேரத்துக்குப் போன அதே பஸ் வரும்போதும் அப்படியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. "போறப்ப கரெக்டா போச்சே" என்பதை வைத்துத் திரும்பும் நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

தாமதமானால் பணம் கேட்கலாமே என்பார்கள். ஐரோப்பிய விதிப்படி 250 கிலோமீட்டருக்குக் குறையாத பஸ் பயணத்தில், கிளம்புவதே இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வழியில் எல்லையில் நின்றதால் உங்கள் கிராமத்து பஸ் போய்விட்டது என்பது அந்தக் கணக்கில் வராது. ரயிலில் வந்தால் நிலைமை கொஞ்சம் மேல். ஜெர்மன் ரயில் தாமதத்தால் அன்றைய கடைசி ரயிலைத் தவறவிட்டு, நள்ளிரவுக்குள் ஊர் போய்ச் சேர வேறு வழியும் இல்லை என்றால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு டாக்ஸிக்கு 120 யூரோ வரை திரும்பக் கேட்கலாம். ஆனால் தாமதமானது பஸ், தவறவிட்டது ரயில் என்றால் இரண்டு டிக்கெட்டும் தனித்தனி. நடுவில் நடந்ததற்கு நீங்கள்தான் பொறுப்பு. குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லுகிற மலிவு டிக்கெட்டும் அதோடு வீண்.

சரி, என்ன செய்வது? பின்னால் இருந்து கணக்குப் போடுங்கள். உங்கள் வீட்டு வாசலுக்குப் போகிற கடைசி கிராமத்து பஸ் ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு என்று முதலில் பாருங்கள். வார நாள் அட்டவணையைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஞாயிறுக்கும் விடுமுறை நாளுக்கும் அட்டவணை தனி. சில கிராமங்களில் ஞாயிறு ஓடுவது ரூஃப்பஸ். முன்கூட்டியே போன் செய்தோ ஆப்பிலோ சொன்னால்தான் வரும், வெறுமனே ஸ்டாப்பில் போய் நின்றால் வராது. அந்தக் கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸை உங்கள் பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருந்து எல்லைக்கு இரண்டு மணி நேரம் கழியுங்கள். அப்படிக் கழித்து வருகிற நேரத்துக்குள் பெரிய நகரத்தில் வந்து இறங்குகிற டிக்கெட்டைத்தான் எடுக்க வேண்டும். அது மத்தியானம் பன்னிரண்டு மணி பஸ் என்றால் பன்னிரண்டு மணி பஸ்தான். நாலு பேரில் யாருடைய வீடு தூரமோ அவள் கணக்குதான் எல்லாருக்கும் கணக்கு. அவளை மட்டும் ராத்திரியில் ஸ்டேஷனில் விட்டுவிட்டு மற்றவர்கள் வீட்டுக்குப் போவது நல்ல தோழிகள் செய்கிற காரியம் இல்லை. கடைசி நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டால் நகரத்தில் இருக்கும் தோழி வீட்டில் தங்கலாமா என்று அந்த ஹோஸ்ட் ஃபேமிலியிடம் கிளம்புவதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.

ஏர்போர்ட்டின் பெயரை நம்புவது

மலிவு விமான டிக்கெட்டில் நகரத்தின் பெயர் இருக்கும், ஏர்போர்ட் அந்த நகரத்தில் இருக்காது. ஃப்ராங்க்ஃபர்ட்-ஹான் ஃப்ராங்க்ஃபர்ட்டில் இருந்து சுமார் 120 கிலோமீட்டர். மெம்மிங்கனை மியூனிக் வெஸ்ட் என்று விற்பார்கள், மியூனிக்கில் இருந்து 110 கிலோமீட்டர் போக வேண்டும். பாரிஸ் பக்கம் போவே ஏர்போர்ட்டும் இதே ரகம்தான். இரண்டு பக்கமும் ஏர்போர்ட் பஸ் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு ரயிலோடு ஒப்பிடுங்கள்.

ஒருத்தி கார்டில் எல்லாருக்கும் புக் செய்வது

பணம் கணக்கில் வந்த பிறகு புக் செய்யுங்கள். "அங்க வந்து தரேன்" என்பவள் கடைசி நேரத்தில் வராமல் போனால் அவளுடைய ஹாஸ்டல் படுக்கைக்கும் பஸ் சீட்டுக்கும் பணம் கொடுப்பது நீங்கள்தான்.

யூரோவிலேயே கட்டுவது

ப்ராக்கில் கொருனா, புடாபெஸ்டில் ஃபோரின்ட், க்ராகோவில் ஸ்வாட்டி. ஏடிஎம்மும் கடை மெஷினும் யூரோவில் கழிக்கட்டுமா என்று அக்கறையாகக் கேட்கும். தெரிந்த பணம்தானே என்று யூரோவை அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரன் வைப்பான். எப்போதும் உள்ளூர் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ப்ராக்கில் பணம் மாற்றும் கடையில் ஏமாந்துவிட்டால் ஒரு வழி இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் அங்கே உள்ள சட்டப்படி, 1000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் ரத்து செய்யலாம். ரசீதைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சுவிட்சர்லாந்தில் மொபைல் டேட்டா

வெளிநாட்டிலும் சொந்த நாட்டுக் கட்டணத்திலேயே போனைப் பயன்படுத்தவிடும் ஐரோப்பிய யூனியன் ரோமிங் விதி அங்கே இல்லை. உங்கள் பிளானில் சுவிஸ் இருக்கிறதா என்று பார்க்கும்வரை ஆஃப் செய்து வையுங்கள்.

லூவருக்கு முழு டிக்கெட் எடுப்பது

இது புதியவர்கள் பலருக்குத் தெரியாத விஷயம். பாரிஸின் லூவர், ஓர்சே மியூசியங்கள், பக்கத்தில் உள்ள வெர்சாய் அரண்மனை மூன்றிலும் 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு, ஐரோப்பிய யூனியன் நாட்டில் வசித்தால் இலவசம். பாஸ்போர்ட் எந்த நாடு என்பது கேள்வியே இல்லை, எங்கே வசிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. உங்கள் ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டு அதற்குப் போதும். இது தெரியாமல் "நாம வெளிநாட்டுக்காரங்கதானே" என்று முழுப் பணம் கட்டிவிட்டு வந்தவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். லூவருக்கு இலவச டிக்கெட் என்றாலும் நேரத்தை ஆன்லைனில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள், வாசலில் கார்டின் ஒரிஜினலைக் காட்டுங்கள். 26 வயது ஆகிவிட்டால் இந்தச் சலுகை போய்விடும், அதனால் பிறந்தநாள் நெருங்குகிறவர்கள் மற்ற ஊர்களைத் தள்ளி வைத்துவிட்டுப் பாரிஸை முதலில் பாருங்கள்.