சாவியைத் திருப்புமுன் போனுக்குச் செய்ய வேண்டியவை

சென்னையில் பதினோரு வருடமாகக் கால் டாக்ஸி ஓட்டுகிறேன். போனைத் தொடாமல் ஓட்டு என்று என்னிடம் சொல்வது, கரண்டியைத் தொடாமல் சமை என்பது மாதிரி. சவாரி வருவது அதில்தான், வழி சொல்வதும் அதுதான், காசு ஏறுவதும் அதில்தான்.

மேடவாக்கம் தாண்டி ஒருநாள் விடியற்காலையில் சவாரி மணி அடித்தது. பொத்தானை அழுத்தக் குனிந்தேன். நிமிர்ந்தால் பம்பருக்கு ஒரு முழம் முன்னால் பால்காரரின் சைக்கிள். பிரேக் பிடித்துவிட்டது. அவர் பதறிக் கால் ஊன்றியதில் கேன் மூடி கழன்று உருண்டது. திட்டவில்லை. மூடியைப் பொறுக்கிக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 50 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். இரண்டு நொடி குனிந்தால் 28 மீட்டர், அதாவது இரண்டு பஸ் நீளத்துக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

அதிலிருந்து போன் வேலையெல்லாம் வண்டி நகருமுன்பே முடிந்துவிடும். முதலில் ஹோல்டர். கண்ணாடி நடுவில் ஒட்டாதீர்கள். பார்வையை மறைக்கும், சித்திரை வெயிலில் ரப்பர் இளகிப் பொத்தென்று விழும், விழுவதைப் பிடிக்கக் கை தானாகப் போகும். ஏசி காற்று வரும் துவாரத்தில் மாட்டினால் போனும் சூடாகாது. மேப்பில் இடத்தைப் போட்டு, வழியை ஒருமுறை முழுதாகப் பார்த்து, குரலைத் தமிழுக்கு மாற்றிச் சத்தத்தை ஏற்றிவிடுங்கள். அப்புறம் காது போதும்.

வாடிக்கையாளர் அழைப்புதான் பெரிய தொல்லை. அதனால் கிளம்புமுன் நானே கூப்பிட்டு, "பக்கத்துல என்ன கடை இருக்கு சார்?" என்று கேட்டுவிடுவேன். பாதி அழைப்பு அதிலேயே குறையும். மீதிக்கு டிரைவிங் மோடு. ஐபோனில் டிரைவிங் ஃபோகஸ் போட்டால், உங்கள் தொடர்புப் பட்டியலில் உள்ளவர் மெசேஜ் அனுப்பினால் "ஓட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று அதுவே பதில் அனுப்பும். ஓட்டும்போது அடுத்த சவாரி வராமல் நிறுத்திவைக்க உங்கள் செயலியில் வசதி இருந்தால் போட்டு வையுங்கள். ஒரு சவாரி போனால் போகட்டும்.

சட்டத்துக்கு வருவோம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதல். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் வந்த அபராதப் பட்டியல்படி முதல்முறை 1,000 ரூபாய், மறுபடி மாட்டினால் 10,000. லைசென்ஸையும் நிறுத்திவைக்கலாம். எங்களுக்கு அதுதான் பயம், அபராதம் இல்லை. வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் விதியிலேயே இருக்கிறது. ஆனால் ஹோல்டரில் இருப்பது வேறு, கையில் இருப்பது வேறு. சிவப்பு விளக்கில் நிற்கும்போது பார்த்தால் தப்பில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி நின்றபோது எடுத்த படத்தோடுதான் எனக்குச் சலான் வந்தது.

சலான் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு, அதாவது போனில் செயலியை ஏற்றுகிற கோப்பு, வந்தால் தொடாதீர்கள், அது பணம் பிடுங்குகிற வேலை. அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

புளூடூத்தில் பேசினால் கை சும்மா இருக்கும், சரி. மனசு? வீட்டு வாடகைச் சண்டையை அதில் பேசிக்கொண்டே வேளச்சேரி பாலத்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். நடுவில் பாலம் வந்ததே நினைவில்லை. "ஓட்டிட்டிருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்பதைத் தாண்டி இப்போது பேசுவதில்லை.

பைக்காரர்கள் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகுகிறார்களே, அதைவிட மோசம் எதுவும் இல்லை. காதும் போச்சு, கழுத்தும் கோணல். பேசித்தான் ஆக வேண்டுமென்றால் இடது இண்டிகேட்டர் போட்டு, பாலமும் வளைவும் தாண்டி, டீக்கடை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

வீட்டில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒருமுறை அடித்து நின்றால் அவசரமில்லை, அடுத்தடுத்து மூன்று முறை வந்தால் ஓரம் கட்டுவேன். போன வருடம் அப்படி நான்கு முறை நிறுத்தினேன். அதில் ஒன்று, கேஸ் புத்தகத்தை எங்கே வைத்தேன் என்று கேட்க.