டெக்சாஸில் மான் வேட்டை: லீஸுக்குக் காசைக் கொட்டாமல் போவது எப்படி

ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பக்கம் வேலைக்கு வந்த நம்மவர்கள் சிலருக்கு நவம்பர் மாதம் ஆபீஸே காலியாகிக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து வேட்டை ஆசை பிடித்துக்கொள்கிறது. ஆசை வந்ததும் முதல் கேள்வி, "துப்பாக்கி என்ன விலை?" அது பெரிய விஷயமே இல்லை. சாதாரண போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் 400, 500 டாலருக்குக் கிடைக்கிறது, ஒழுங்காகத் துடைத்து வைத்தால் பேரன் காலம் வரை வரும். வருடா வருடம் பணத்தை உறிஞ்சுவது நிலம்.

டெக்சாஸ் நிலத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் தனியார் கையில் இருக்கிறது. கொலராடோ, மொன்டானா மாதிரி மலை மலையாக மத்திய அரசுக் காடு கிடையாது. இங்கே மான் பொதுச் சொத்து, ஆனால் அது நிற்கிற நிலம் இன்னொருவர் சொத்து, அவர் கேட்டைத் திறந்தால்தான் உள்ளே போக முடியும். ஒரு பக்கம் நகரங்களில் ஜனம் பெருகிக்கொண்டே போகிறது. இன்னொரு பக்கம் ராஞ்ச் என்று இங்கே சொல்கிற பெரிய பெரிய மாட்டுப் பண்ணைகள் வாரிசுகளுக்குள் பாகம் பிரிந்து துண்டு துண்டாக விற்பனைக்குப் போகின்றன. மாடு வளர்ப்பதைவிட வேட்டைக்கு வாடகை விடுவதில் காசு அதிகம் என்று பல ராஞ்ச் ஓனர்களுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. அதனால் ஏக்கருக்கு 10, 15, 20 டாலர் என்று லீஸ் கேட்கிறார்கள், நல்ல கொம்பு மான் வருகிற இடம் என்றால் அதற்கும் மேலே. சரி, அந்தக் காசைக் கொடுக்காமல் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

விசாவில் இருப்பவர்கள் இதை முதலில் படியுங்கள்

எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 மாதிரி விசாவில் இருந்தால், மத்தியச் சட்டப்படி பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. வாங்கினால்தான் தப்பு என்றில்லை, நண்பருடைய துப்பாக்கியை, சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் இரவல் வாங்கிச் சுடுவதும் சிக்கல்தான். இதற்கு ஒரு முக்கியமான விலக்கு இருக்கிறது: அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆகவே முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் கடை, ரேஞ்ச் எல்லாம். டெக்சாஸ் லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். நீங்கள் புதுப்பிக்க மறந்து, துப்பாக்கி மட்டும் அலமாரியில் இருந்தால், செப்டம்பர் 1 காலையில் நீங்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கிறீர்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வில், அம்பு மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்தத் துப்பாக்கிச் சட்டம் பொருந்தாது, அதுவும் ஒரு வழி.

லைசென்ஸ் விஷயம் சுலபம். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து டெக்சாஸில் குடியிருந்தால் நீங்கள் உள்ளூர்க்காரர் கணக்கு. வேட்டை லைசென்ஸ் 25 டாலர். மீன்பிடிப்பு, பறவை, வில் வேட்டை எல்லாம் சேர்ந்த சூப்பர் காம்போ 68 டாலர், கணக்குப் பார்த்தால் இதுவே லாபம். வெளிமாநிலக்காரருக்குப் பொது வேட்டை லைசென்ஸ் 315 டாலர், ஆகவே புதிதாகக் குடிவந்தவர்கள் அந்த ஆறு மாதம் பொறுத்திருப்பது நல்லது. 1971 செப்டம்பர் 2-ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஹன்டர் எஜுகேஷன் படிப்பை முடித்திருக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் முழுவதையும் ஆன்லைனிலேயே முடிக்கலாம்.

48 டாலர் பெர்மிட்

மாநில வனவிலங்குத் துறையான டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப், வருடாந்திரப் பொது வேட்டை பெர்மிட் என்று ஒன்று விற்கிறது. 48 டாலர். இரண்டு பேர் ஹோட்டலில் சாப்பிட்டு, டிப்ஸும் சேர்த்துக் கொடுக்கிற காசு. அதற்குப் பத்து லட்சம் ஏக்கர் அளவுக்கு நிலம் திறக்கிறது: அரசு வனவிலங்கு மேலாண்மைப் பகுதிகள், தேசியக் காட்டின் சில பாகங்கள், அப்புறம் தனியார் விவசாயிகளிடம் துறையே குத்தகைக்கு எடுத்து வைத்திருக்கிற புறா வேட்டை நிலங்கள். ஹூஸ்டன்காரர்களுக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் சாம் ஹூஸ்டன் தேசியக் காடு, ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஏக்கருக்கு மேல், இந்த பெர்மிட்டில்தான் வருகிறது.

மான் என்று அடம் பிடிக்காமல் முதல் வருடம் புறாவில் ஆரம்பிக்கச் சொல்வேன். வடக்கு, மத்திய மண்டலங்களில் செப்டம்பர் 1 அன்று சீசன் தொடங்கும், ஒரு நாளைக்கு 15 புறா வரை. தனியார் வயலில் ஒரு நாள் புறா வேட்டைக்கே ஆளுக்கு 100 டாலருக்கு மேல் கேட்கிற காலத்தில், இந்த பெர்மிட் ஒரே சனிக்கிழமையில் போட்ட காசு முழுவதையும் மீட்டுக் கொடுத்துவிடும். ஒரு பம்ப் ஷாட்கன், ஒரு பக்கெட், தண்ணீர், தொப்பி. பக்கெட் உட்காருவதற்கும் ஆகும், புறா போட்டுக் கொண்டுவருவதற்கும் ஆகும்.

பொது நிலத்துக்கென்று சில விதிகள் உண்டு. தனியார் ராஞ்சில் சோளம் கொட்டி மானை வரவழைப்பது சகஜம், பொது நிலத்தில் அது கூடவே கூடாது. மான் வேட்டைக்குப் போகும்போது பளிச்சென்ற ஆரஞ்சு நிறத் தொப்பியும், முன்னும் பின்னும் தெரிகிற ஆரஞ்சு மேலாடையும் கட்டாயம். அளவுகூட எழுதி வைத்திருக்கிறார்கள், மொத்தம் 400 சதுர அங்குலம், அதில் நெஞ்சிலும் முதுகிலும் தலா 144. கடையில் ஆரஞ்சு வெஸ்ட் ஒன்றும் தொப்பி ஒன்றும் வாங்கினால் தீர்ந்தது. எந்தத் துண்டு நிலத்தில் எது அனுமதி, துப்பாக்கியா வில் மட்டுமா, பெண்மான் சுடலாமா கூடாதா என்பதெல்லாம் பெர்மிட்டுக்கான வரைபடப் புத்தகத்தில் தனித்தனியாக இருக்கும், பக்கத்துத் துண்டுக்கும் இதற்குமே விதி மாறும், ஆகவே போகிற துண்டின் பக்கத்தை முந்தின நாள் இரவு இன்னொரு தடவை படித்துவிட்டுப் படுங்கள்.

கூட்டம் இருக்கும் என்று பயமுறுத்துவார்கள். உண்மைதான், ஆனால் அந்தக் கூட்டம் முழுக்க கார் நிறுத்துமிடத்திலிருந்து கால் மைல் தூரத்துக்குள்ளேயே இருக்கும். பொது நிலத்தில் நீங்கள் காசுக்குப் பதிலாகக் கொடுப்பது நடையும் நேரமும். ஆகஸ்ட், செப்டம்பரில் வெயிலோடு வெயிலாகப் போய் மான் தடம், புழுக்கை, ஓக் மரத்தடியில் விழுந்து கிடக்கிற கொட்டைகள், ஓடைக்கரை எல்லாம் பார்த்து வைத்தவருக்கும், நவம்பர் முதல் சனிக்கிழமை துப்பாக்கி சீசன் தொடங்கும் அன்று நேராக வந்து இறங்குகிறவருக்கும் நிறைய வித்தியாசம். வாரநாளில் லீவு போட முடிந்தால் போடுங்கள்.

இன்னொன்று, எல்லையைத் தாண்டாதீர்கள். டெக்சாஸில் வேலி இல்லாத இடத்தில் மரத்தில் ஊதா பெயின்ட் கோடு இருந்தால், அதற்கு "உள்ளே வராதே" என்ற போர்டுக்குச் சமமான சட்ட மதிப்பு. தரையிலிருந்து மூன்று முதல் ஐந்தடி உயரத்தில், நெட்டுக்குத்தாக, குறைந்தது எட்டு அங்குல நீளத்தில் இருக்கும். பட்டை உரிந்து பெயின்ட் மங்கிப்போய், காலை அரையிருட்டில் பாசி மாதிரிகூடத் தெரியும். நில ஓனர் சம்மதமில்லாமல் அவர் நிலத்தில் வெள்ளைவால் மானைச் சுட்டால் அது சாதாரண அபராதம் இல்லை, சிறைக்குப் போகிற அளவுக்குப் பெரிய குற்றம், ஸ்டேட் ஜெயில் ஃபெலனி என்பார்கள். விசா, கிரீன் கார்டு என்று இருக்கிற ஆளுக்கு அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்லை காட்டுகிற மேப் ஆப் ஒன்றைக் காசு கொடுத்து வாங்குங்கள், சிக்னல் இருக்காது என்பதால் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குலுக்கல்

இதைத்தான் நம்மவர்கள் அதிகம் கண்டுகொள்வதில்லை. துறை நடத்துகிற டிரான் ஹன்ட் குலுக்கலில் விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் 3 டாலர், சில வகைகளுக்கு 10. பெயர் விழுந்தால் பெர்மிட் 80 டாலர், நீண்ட நாள் வேட்டை என்றால் 130. தனியார் ராஞ்சில் ஆயிரங்கள் கேட்கிற தரமுள்ள நிலத்தில், அளவான ஆட்களோடு, இரண்டு மூன்று நாள் வேட்டை. விழவில்லையென்றால் அந்த வகைக்கு ஒரு பாயின்ட் ஏறும், அடுத்த வருடம் வாய்ப்புக் கூடும். பெரிய கொம்பு ஆண்மான் குலுக்கலில்தான் எல்லாரும் போய் விழுகிறார்கள். பெண்மான், காட்டுப்பன்றி வகைகளில் போட்டி குறைவு, கறிக்காகப் போகிறவருக்கு அதுதானே வேண்டும். கடைசித் தேதிகள் வகையைப் பொறுத்து ஆகஸ்டிலிருந்தே வரிசையாக வரும், காலண்டரில் போட்டு வையுங்கள்.

பிள்ளைகள் 9 முதல் 17 வயதுக்குள் இருந்தால் டெக்சாஸ் யூத் ஹன்டிங் புரோகிராமைப் பாருங்கள். தனியார் ராஞ்சுகளில் குறைந்த செலவில், கூடவே ஒருவர் இருந்து சொல்லிக்கொடுத்து நடத்துகிறார்கள், பெற்றவரும் கூடப் போகலாம். குழந்தையைச் சாக்கிட்டு அப்பா கற்றுக்கொண்டு வருவதும் நடக்கிற கதைதான்.

பன்றி என்றால் கேட்டுப் பாருங்கள்

காட்டுப்பன்றி டெக்சாஸ் விவசாயிக்குத் தலைவலி. ஒரே இரவில் வயலை உழுதுபோட்டுவிட்டுப் போய்விடும். அதனால் மான் சுட விடாத ஓனர்கூடப் பன்றி என்றால் யோசிப்பார். 2019 செப்டம்பரிலிருந்து ஓனர் சம்மதத்தோடு தனியார் நிலத்தில் பன்றி சுட லைசென்ஸே தேவையில்லை (விசாக்காரர்களுக்கு மேலே சொன்ன காரணத்துக்காகத் தேவை, மறந்துவிடாதீர்கள்). கேட்பது எப்படி? சீசன் இல்லாத மாதத்தில், பகலில், சாதாரண உடுப்பில், கூட்டமாகப் போகாமல் போங்கள். பெயர், வேலை, ஊர் சொல்லுங்கள், மாடு எங்கே மேய்கிறது, எந்தக் கேட்டை மூட வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலி கட்ட, விறகு ஏற்ற ஒரு சனிக்கிழமை ஆள் தேவைப்படுமா என்று கேட்டவருக்கு அடுத்த வருடம் பெண்மானுக்கும் கதவு திறக்க வாய்ப்பு இருக்கிறது. தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்தாலும் தப்பில்லை.

லீஸ் எடுத்தே தீருவேன் என்றால்

கணக்கை உட்கார்ந்து போடுங்கள். 600 ஏக்கர், ஏக்கருக்கு 15 டாலர் என்றால் 9000. ஆறு பேர் சேர்ந்தால் ஆளுக்கு 1500. அதோடு நிற்காது: மானுக்குத் தீனி போடுகிற ஃபீடர், மூட்டை மூட்டையாகச் சோளம், இன்சூரன்ஸ், பெட்ரோல். பாதியில் இரண்டு பேர் கழன்றுகொண்டால் மீதி நாலு பேர் தலையில் 2250 விழும். ஆகவே கையெழுத்துப் போடும் முன், விலகுகிறவர் பங்கு யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்குங்கள். அந்த லீஸ் வருடம் முழுக்கவா சீசனுக்கு மட்டுமா, பன்றியும் புறாவும் சேர்த்தியா, விருந்தாளியைக் கூட்டி வரலாமா, மொத்தம் எத்தனை மான், ஓனர் குடும்பமும் அதே நிலத்தில் சுடுமா, நடுவில் நிலத்தை விற்றால் காசு திரும்புமா என்பதெல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும். நிலத்தைக் காலால் நடந்து பார்க்காமல், போட்டோவை மட்டும் பார்த்து யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். லீஸ் விளம்பர மோசடி ஏராளம்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். நம் கிண்டிப் பூங்காவில் வேலிக்கு வெளியே நின்று பார்த்த புள்ளிமான், வெளிமான் இரண்டும் இங்கே ஹில் கன்ட்ரி என்கிற மத்திய டெக்சாஸ் குன்றுப் பகுதி ராஞ்சுகளில் சுற்றுகின்றன. இந்தியாவிலிருந்து வந்த இனம் என்பதால் வேற்று விலங்குக் கணக்கு, மாநிலம் சீசனும் வைக்கவில்லை, எண்ணிக்கையும் வைக்கவில்லை. ஊரில் கை வைத்தால் 1972 வனவிலங்குச் சட்டப்படி சிறை, இங்கே லைசென்ஸும் ஓனர் சம்மதமும் இருந்தால் வருடம் முழுக்கச் சுடலாம். எனக்கு ஏனோ மனம் வரவில்லை, அது என் பாடு. மனம் வருகிறவர்கள் கொம்பில்லாத பெண் புள்ளிமானுக்குக் கேளுங்கள், விலை கணிசமாகக் குறையும்.

கடைசிச் செலவு கறி வெட்டுவது. கடையில் கொடுத்தால் ஒரு மானுக்கு 100 டாலருக்கு மேல் போய்விடும். மான் விழுந்ததும் முதல் வேலை லைசென்ஸில் இருக்கிற டேக் என்ற சீட்டில் தேதியை வெட்டி உடனே மானில் கட்டுவது, அப்புறம்தான் போட்டோ. குடலை அங்கேயே எடுத்துவிட்டு, ஐஸ் நிரப்பின பெரிய கூலரில் போட்டு, தண்ணீர் வடிகிற துளையைத் திறந்து வையுங்கள். நல்ல கத்தி, சுத்தமான மேசை, யூட்யூப், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். டெக்சாஸில் 2012 முதல் மான்களில் சிடபிள்யூடி என்ற, மூளையைத் தாக்கும் நோய் இருப்பதால், துறையின் பரிசோதனை மையத்தில் மாதிரி கொடுத்து முடிவு வரும் வரை கறியை ஃப்ரீசரிலேயே வையுங்கள். சமைக்கும்போது தசைமேல் இருக்கிற வெள்ளிச் சவ்வை உரித்துவிடுங்கள். மான்கறியில் கொழுப்பு ரொம்பக் குறைவு, ஆகவே தொடைக்கறியைக் குக்கரில் விசில் விட்டு நல்லெண்ணெயில் மிளகு வறுவல் போடலாம், முதுகுத் துண்டை மட்டும் குக்கர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், சூடான தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் மூன்று மூன்று நிமிடம் போட்டு எடுத்தால் போதும்.