சர்டிஃபிகேட் ஒட்டிய வேக வண்டியா? முதலில் பழைய பாலிசியைக் கேளுங்கள்

2025 ஆகஸ்டில் அக்கா பையன் போன் செய்தான். "மாமா, ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், 2017 நவம்பர் வண்டி, சிங்கிள் ஓனர், 41,000 ஓடியிருக்கு. டீலரே செக் பண்ணி சர்டிஃபிகேட் போட்டிருக்காங்க. ஞாயித்துக்கிழமை வந்து ஒரு பார்வை பார்த்துடுங்க."

இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக வண்டி பார்த்தவன் நான். அடிபட்டது, எரிந்தது, மூழ்கியது எல்லாம் பார்த்தாயிற்று. "ஞாயிறு வேண்டாம், கூட்டமாக இருக்கும். ஆர்சியும் இன்சூரன்ஸ் பாலிசியும் வாட்ஸ்அப்பில் வரட்டும், அப்புறம் பேசலாம்" என்றேன்.

வேக வண்டி வாங்குகிறவர்கள் நேராக டெஸ்ட் டிரைவுக்குப் போய்விடுகிறார்கள். 230 குதிரைத்திறன் ஒரு தடவை முதுகைச் சீட்டில் அழுத்திவிட்டால் அதற்குப் பிறகு எந்தப் பேப்பரும் கண்ணில் படாது. அதனால் பேப்பர்தான் முதலில்.

பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் என்று பிரீமியத்தில் ஒரு தள்ளுபடி எழுதியிருக்கும். கிளெய்ம் செய்யாத ஒவ்வொரு வருடத்துக்கும் அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த பாலிசியில் பூஜ்யம். ஏழு வருடம் ஒரே ஓனரிடம் இருந்த வண்டிக்கு 50 இருந்தால் சந்தோஷம். இந்த வண்டிக்கு 2024 நவம்பர் பாலிசியில் பூஜ்யம். அதாவது முந்தைய பன்னிரண்டு மாதத்தில் ஏதோ கிளெய்ம் நடந்திருக்கலாம். (பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினாலும் போனஸ் போய்விடும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.) அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள்தான் 2023 டிசம்பர் வருகிறது, மிக்ஜாம் புயல். ஆர்சியில் இருந்த முகவரி வேளச்சேரி, அந்தப் புயலில் வெள்ளம் தேங்கிய பகுதி. சென்னைக்காரர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை.

வியாழன் காலை ஷோரூம் திறக்கும் நேரத்துக்குப் போனோம். வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டர் தேவையில்லை. சீட் பெல்ட்டை அதன் நீளம் முழுக்க இழுங்கள்; வண்டியைக் கழுவுகிறவர்கள் சுருளுக்குள் இருக்கும் கடைசி முழத்தைக் கழுவுவதில்லை. முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி அடியில் தண்டவாளத்தையும் போல்ட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடிப்பள்ளத்தைத் தடவுங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசி போடாமல் ஐந்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். பெர்ஃப்யூம் தூக்கலாக இருந்தால் அதுவே ஒரு பதில்.

பின் சீட் பெல்ட்டின் அடியில் மண் கலரில் ஒரு கோடு இருந்தது. டீலர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் லிஸ்டில் 'சீட் பெல்ட் வேலை செய்கிறது' என்று டிக் போட்டிருந்தார்கள். வேலை செய்யத்தான் செய்தது. அந்த லிஸ்ட் இன்றைக்கு வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்கிறது. அது எங்கே நின்றது, யார் எப்படி மிதித்தார்கள் என்பது அதில் வராது. சர்டிஃபிகேட்டோடு நிறுத்தாமல் அந்த லிஸ்டையே கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பையன் முகம் வாடிவிட்டது. மூன்று மாதம் கழித்து வேறு டீலரிடம் அதே மாடல், 63,000 கிலோமீட்டர், போனஸ் 50. மற்ற சோதனைகளை அதில் செய்தோம்.

வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். போய் பானெட்டில் கை வைத்தால் சூடு. "பேட்டரிக்காக ஓடவிட்டோம் சார்" என்றார் அங்கிருந்த தம்பி. பரவாயில்லை என்று டீ குடித்துவிட்டு வந்துவிட்டோம். மறுநாள் மறுபடி போனோம். டர்போ வண்டியைக் குளிர்ந்த நிலையில்தான் கேட்க வேண்டும். முதல் சில வினாடி எஞ்சினுக்குள் செயின் சத்தம், சைலன்சரில் நீலப் புகை, இரண்டும் சூடான எஞ்சினில் ஒளிந்துகொள்ளும். கூலண்ட் மட்டத்தையும் பாருங்கள். இந்த எஞ்சின் வரிசையில் வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு கசிவது தெரிந்த கதை. காய்ந்த இளஞ்சிவப்புப் பொருக்கு இருந்தால் பேரத்தில் சொல்லுங்கள்.

விஆர்எஸ்ஸில் இருப்பது ஆறு கியர் டிஎஸ்ஜி, அதாவது எண்ணெயில் ஊறும் இரட்டை கிளட்ச் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற வேண்டும். 'ஃபுல் சர்வீஸ் ஹிஸ்டரி' என்ற வார்த்தை போதாது, ஆயிலும் ஃபில்டரும் எழுதிய பில் வேண்டும். ஓட்டிப் பார்க்க ஈசிஆர் தேவையில்லை. கத்திப்பாரா நெரிசலில் ஊர்ந்து பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறுகிறதா என்று அங்கேதான் தெரியும். பேஸ்மென்ட் ஏற்றத்தில் ரிவர்ஸும் எடுங்கள்.

அடுத்தது ரீமேப். இந்த வண்டிகளில் லேப்டாப்பை மாட்டி பவரைக் கூட்டிவிட்டு, விற்கும்முன் பழையபடி மாற்றிவிடுவார்கள். ஸ்கோடா போன்ற ஃபோக்ஸ்வாகன் குழும வண்டி என்றால் சர்வீஸ் சென்டரின் சிஸ்டத்தில் 'டிடி1' என்ற குறி இருக்கிறதா என்று கேளுங்கள். டியூனிங் கண்டுபிடிக்கப்பட்டது என்று அர்த்தம், வாரண்டி கேட்கும்போது பிரச்சினை வரும். குறி இல்லையென்றாலும் டர்போ குழாய்களில் கம்பெனி கிளிப்புக்குப் பதில் கடை கிளாம்ப் மாட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்கேனரும் மாட்டச் சொல்லுங்கள். 'ரெடினெஸ்' என்று வண்டியின் கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடியாமல் கிடந்தால் யாரோ சமீபத்தில் ஃபால்ட் கோடுகளை அழித்திருக்கலாம்.

டயர் நாலும் ஒரே பிராண்டா என்று பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2419 என்றால் 2019இன் 24வது வாரம். இந்த விலை வண்டிக்கு மலிவு டயர் போட்டவர் எதையெல்லாம் மிச்சம் பிடித்தாரோ! பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள், விளிம்பு தூக்கலாக இருந்தால் தேய்ந்துவிட்டது. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போய் வந்த வண்டியா என்று நேராகவே கேளுங்கள். முன் டயரின் தோள் பக்கம் பிய்ந்தாற்போல் தேய்ந்திருந்தால் கேட்காமலே தெரியும்.

வாரண்டி புத்தகத்தைப் பணம் கட்டும்முன் வாங்கி, எதற்கெல்லாம் கிடையாது என்ற பக்கத்திலிருந்து படியுங்கள். டர்போவும், கியர்பாக்ஸை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டும் சேர்த்தியா, ஒரு கிளெய்முக்கு உச்சவரம்பு எவ்வளவு, இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

அரசின் பரிவாஹன் இணையதளத்தில் ஹைப்போதிகேஷனும் (வண்டி மேல் கடன்) பாக்கி செலானும் பார்த்துவிடுங்கள். கேஏ (கர்நாடகா), பிஒய் (புதுச்சேரி) நம்பர் என்றால் என்ஓசியும் இங்கே கட்ட வேண்டிய லைஃப் டாக்ஸும் யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய ஓனரின் போனஸ் உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்டத்தான் வேண்டும். பையனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். அப்புறம், சாவி இரண்டையும் வாங்கி இரண்டாலும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். எங்களுக்குக் கொடுத்த இரண்டாவது சாவிக்குக் கதவு மட்டும்தான் திறந்தது.