சிப்பி எந்த மாசம் சினை விடுதுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

சினை விடுறதுன்னா முட்டையையும் விந்தையும் வெளிய விடுறது. அது எந்த மாசம்னு கண்டுபிடிக்க குறுக்கு வழி கிடையாது. ஒரே இடத்துல இருந்து மாசாமாசம் சிப்பி எடுத்து திறந்து பாக்கணும், குறைஞ்சது 12 மாசம். தடவைக்கு 30 உருப்படி இருந்தா போதும், ஆனா எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சைஸா இருக்கட்டும், ஏன்னா சில வகை ஆய்ஸ்டர் முதல்ல ஆணா இருந்துட்டு வளர்ந்ததும் பொண்ணா மாறிடும், சின்னதும் பெருசும் கலந்து எடுத்தா ஆண் பெண் கணக்கே நாசம்.

திறந்ததும் கலரைப் பாருங்க. பச்சை ஆளின்னா (க்ரீன் மசல்) ஈஸி, சினை முத்தினது பொண்ணுன்னா ஆரஞ்சு, ஆண்னா பால் வெள்ளை. அந்த தைரியத்துல ஆய்ஸ்டர் பக்கம் போயிடாதீங்க, அங்க ரெண்டும் ஒரே க்ரீம் கலர்தான். அதனால சினை இருக்குற இடத்தை லேசா கீறி ஸ்லைடுல தடவி, ஒரு சொட்டு கடல் தண்ணி விட்டு மைக்ராஸ்கோப்ல பாருங்க. முட்டை தனித்தனியா உருண்டையா நின்னா முத்திடுச்சு, காம்போட பேரிக்காய் மாதிரி இருந்தா பெரும்பாலும் இன்னும் வளருது. ஆண்னா விந்தணு புள்ளி புள்ளியா துடிக்கும். எதுவுமே தெரியலையா, அதையும் எழுதி வைங்க, அது ஓய்வு காலம்.

அடுத்து சதையை 60 டிகிரில எடை மாறாத வரைக்கும் காயவெச்சு, அந்த எடையை ஓட்டு எடையால வகுத்து 100ஆல பெருக்குங்க. இந்த நம்பர் மாசாமாசம் ஏறிட்டே வந்து திடீர்னு விழுந்தா சினை விட்டிருக்கும்னு அர்த்தம். ஆனா இரை கிடைக்காம இளைச்சாலும் இதே மாதிரிதான் விழும், அதனால ஸ்லைடைப் பாக்காம இதை மட்டும் வெச்சு முடிவு பண்றது சுத்த சோம்பேறித்தனம்.

கொஞ்சம் கொஞ்சமா விடுற வகைன்னா ஸ்லைடும் பத்தாது. சினை இருக்குற இடத்துல ஒரு துண்டு சதையை, அது கெடாம அப்படியே நிறுத்துற பூவான் (Bouin) திரவத்துல ஒரு நாள் ஊறவெச்சு, 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாத்தி, மெழுகுல பதிச்சு 5 மைக்ரான்ல சீவி, ஹெமடாக்ஸிலின் இயோசின் சாயம் போட்டுப் பாத்தாத்தான் பாதி காலியான சினைப் பைகள் தெரியும்.

ஒவ்வொரு தடவையும் தண்ணி வெப்பத்தையும் உப்பையும் குறிச்சுக்கோங்க. குளிர் கடல்ல பெரும்பாலும் தண்ணி சூடாகுற வசந்தத்துலயும் கோடையிலயும்தான் விடும், வெப்பக் கடல்ல பல வகை வருஷம் பூரா விட்டாலும் ஒண்ணு ரெண்டு தடவை உச்சம் இருக்கும். உச்சம் நெருங்குறப்போ 15 நாளுக்கு ஒருக்கா எடுங்க, இல்லன்னா ரெண்டு சாம்பிளுக்கு நடுவுல மொத்தத்தையும் விட்டுட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி உக்காந்திருக்கும்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், முத்தின சிப்பி வாளித் தண்ணி சூடானாலே அதுலயே சினையை விட்டுடும். தண்ணி பால் மாதிரி கலங்கியிருந்தா அந்த சாம்பிளை ‘காலி’ன்னு எழுதாதீங்க. இப்படி ஆகாம இருக்கணும்னா, எடுத்ததுமே ஈரத்துணி சுத்தி குளிர்ச்சியா வெச்சு கொண்டு வந்து அன்னைக்கே திறந்துடுங்க.