வீட்டுப் பட்டறைக்குத் தூசி உறிஞ்சி: குதிரைத்திறனைப் பார்த்து வாங்காதீர்கள்

கும்பகோணம் பக்கம், கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு மரவேலை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இழைப்புச் சுருளுக்குத் துடைப்பம் போதும். ஆபத்து, மிதந்து நிற்கும் மாவுத் தூசியில் இருக்கிறது. மரத்தூளை 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. பலா மரத்தைச் சாண்டரில் (உப்புத்தாள் இயந்திரத்தில்) தேய்த்துவிட்டு இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளிக்கீற்றில் மஞ்சள் தூசி இறங்காமல் நிற்கும்.

உறிஞ்சியின் குதிரைத்திறனைப் பார்ப்பதை விட்டுவிட்டு, முதலில் உங்கள் இயந்திரங்களின் தூசி வாயை (தூசி வெளியேறும் துளையை) அளந்துகொள்ளுங்கள். சாண்டர், கையில் பிடிக்கும் மின் ரம்பம் போன்றவற்றின் வாய் சிறியது. அவற்றுக்கு, குறுகிய குழாயிலும் விசையோடு இழுக்கும் வெட் அண்ட் டிரை வாக்குவம் போதும். மேசை ரம்பமும், பலகை இழைக்கும் பிளேனரும் 4 அங்குல வாய் கேட்பவை; நிமிடத்துக்கு 350 முதல் 400 கன அடி காற்று ஓடினால்தான் அவற்றின் தூள் அடங்கும். அதற்கு, அகலக் குழாயில் நிறையக் காற்றை இழுக்கும் டஸ்ட் கலெக்டர் தேவை. கலெக்டரை வாங்கிவிட்டு 2 அங்குலக் குழாயை மாட்டுவது, மதகைப் பாதி அடைத்துவிட்டு வயலில் தண்ணீர் பாயவில்லை என்பது போலத்தான். விட்டம் பாதியானால் காற்று போகும் வழி கால்வாசி ஆகிவிடும். பிளேனர் இல்லாதவருக்கு என் பரிந்துரை வாக்குவம்தான்; மிச்சப் பணத்தை நல்ல வடிகட்டியில் போடுங்கள். 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியே வேண்டும். துணிப்பை மட்டும் உள்ளது, பொடியை அறைக்குள்ளேயே திருப்பி ஊதும்.

அடுத்தது சைக்ளோன், அதாவது காற்றைச் சுழலவிட்டுத் தூளைப் பிரிக்கும் கூம்பு. 20 லிட்டர் பெயின்ட் வாளியின் மூடியில் பொருத்தி, வாக்குவத்துக்கு முன்னால் வைத்தால் தூளில் பெரும்பகுதி வாளியிலேயே விழுந்துவிடும். எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். மூடியில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து, விழுந்த தூளைக் கிளப்பி வடிகட்டிக்கே அனுப்பும். வாளி காலியாகவே கிடக்கிறது, வடிகட்டி மட்டும் அடைத்துக்கொள்கிறது என்றால் சைக்ளோனைத் திட்டாதீர்கள், மூடியைப் பாருங்கள். தூள் சேர்வதற்கு முன், காலி வாளியோடு வாக்குவத்தை ஓடவிட்டு, மூடியின் விளிம்பைச் சுற்றி ஊதுபத்தியைக் கொண்டுபோங்கள். புகை எங்கே உள்ளிழுக்கப்படுகிறதோ அங்கே கசிவு. விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டி, திருகு துளைகளைச் சிலிக்கான் வைத்து அடையுங்கள். எம்சீல் அதிர்வில் வெடித்துவிடும், எனக்குப் பிடிக்காது.

நிலையான குழாய் போடுபவர்கள் 110 மி.மீ. பிவிசி வாங்கலாம், எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். 90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு போடுங்கள்.

மின்சாரம்: 6 ஆம்பியர் சாக்கெட் 230 வோல்ட்டில் 1380 வாட்டுக்கு மேல் தாங்காது. வாக்குவத்துக்கும் ரம்பத்துக்கும் தனித்தனி 16 ஆம்பியர் இணைப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வாளியை அன்றன்றே கொட்டிவிடுங்கள். அடைமழை ஈரத்தில் தூள் கட்டிதட்டிப் பூஞ்சணம் பிடிக்கும். மூலையில் குவித்து வைத்தால் கறையான் வரும்.

பின்சேர்க்கை: மன்னார்குடி வாசகர் ஒருவர், வாளி அப்பளமாக நசுங்கிவிட்டது என்று எழுதியிருந்தார். குழாயில் மரத்துண்டு அடைத்தால் வாக்குவத்தின் இழுவிசை முழுவதும் வாளியின் மேல் விழும். சுவர் தடித்த வாளி வாங்குங்கள்; அல்லது ஒன்றினுள் ஒன்றாக இரண்டு வாளிகளைச் செருகுங்கள். இன்னொருவர், இரும்பு கிரைண்டருக்கும் இதையே மாட்டலாமா என்கிறார். கூடவே கூடாது. ஒரு பொறி போதும், மரத்தூள் பற்றிக்கொள்ள.