இரவில் பல் நெறுமும் பிள்ளை

நடுச்சாமத்தில் பக்கத்துப் பாயிலிருந்து நறநறவென்று சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், 9 வயது மகள் நல்ல நித்திரையில் பல் நெறுமிக்கொண்டிருக்கிறாள். "வயிற்றில் பூச்சி, மருந்து கொடு பிள்ளை" என்றார் அம்மம்மா. யாழ்ப்பாணத்து வீடுகளில் அநேகமாக இதே தீர்ப்புத்தான். பூச்சி மருந்தை உரிய காலத்தில் கொடுங்கள். பல் நெறுமுவதை மட்டும் வைத்துப் பூச்சி என்று முடிவு கட்டாதீர்கள்.

பால்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைக்கும் வயதில் இது சாதாரணம், பெரும்பாலும் தானாக நின்றுவிடும். தாடை வளரும் பருவம் என்பதால், கடையில் விற்கும் பல் காப்புறையை நீங்களாக மாட்டிவிட வேண்டாம்.

நான் மாற்றியது மாலைப் பொழுதை. பின்னேரத்துக்குப் பிறகு தேநீரும் கோலாவும் இல்லை. படுக்கப் போகும் பிள்ளையிடம் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரித்தாளின் புள்ளியைக் கேட்பதையும் விட்டேன். அந்தக் கேள்வியில் அவள் தாடை இறுகுவதைக் கண்ணால் கண்டேன். இளஞ்சூட்டு நீரில் பிழிந்த துணியைக் காதுக்கு முன்னால், கன்னத்தில் ஐந்து நிமிடம் ஒற்றுவேன். பகலில், "உதடு மூடியிருக்கட்டும், பல்லோடு பல் முட்டக் கூடாது" என்று பழக்கினேன்.

குறட்டையும் வாயால் மூச்சு விடுவதும் சேர்ந்திருந்தால் தொண்டைச் சதை வீங்கியிருக்கலாம்; வைத்தியரிடம் காட்டுங்கள். காலையில் தாடை நோவு, பல் தேய்வு, பற்கூச்சம் இருந்தால் பல் வைத்தியரிடம் தாமதிக்காமல் போங்கள். பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகவே பார்ப்பார்கள். போகும்போது, இரவுச் சத்தத்தைக் கைபேசியில் பதிந்துகொண்டு போங்கள்.